பிந்தி வெடிச்ச ரவை

வாங்கோ தம்பி, வாங்கோ. சப்பாத்தைக் கழட்டாதையுங்கோ, இது கராஜ்தானே. உந்தக் கதவை மட்டும் சாத்திப்போட்டு வாங்கோ, குளிர் உள்ளுக்கை வருது. விளம்பரம் பாத்துப்போட்டு ரெலிபோன் எடுத்தது நீங்கள்தானே? கன வெள்ளைக்காரர் எடுத்தவங்கள். ஒருத்தனுக்கும் குடுக்க மனம் வரேல்லை. தமிழ்ப் பெடியன் ஒருத்தன் கேட்டு வருவான் எண்டு நான் நினைக்கவேயில்லை. என்னைப் பரா அண்ணை எண்டு கூப்பிடுங்கோ. பரராசசிங்கம் எண்டு முழுப்பேர், அது இங்கை ஒருத்தருக்கும் வாயில வராது.

துவக்குச் சுடுற லைசென்ஸ் எடுத்திட்டியளோ? வகுப்புக்குப் போனனீங்களோ? நல்லது. வகுப்பில என்னத்தைப் படிப்பிக்கிறாங்கள்? துவக்கு எந்தப் பக்கம் பாக்கவேணும், எந்தப் பக்கம் பாக்கக்கூடாது, உதுதான். துவக்குக்குப் போடுற ரவை செய்யிறதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டாங்கள். நான் சொல்லுறன், இருங்கோ. அந்த ஸ்ரூலை இழுத்துப்போட்டு இருங்கோ. மனிசி தேத்தண்ணி கொண்டுவருவா.

இதுதான் நீங்கள் கேட்ட பிரஸ், ரவையை அமத்திச் செய்யிற மெசின். கைபிடியைப் பிடிச்சு ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. பாத்தியளோ? ஒரு ஆட்டம் இருக்குதோ? நான் மெசின்காரன் தம்பி. கிளிநொச்சியில லேத் பட்டறையில தொடங்கினனான், இங்கை வந்தும் இரும்பு வெட்டுறதுதான் வேலை. மயிரிழை பிசகினாலும் என்ர கை சொல்லிப்போடும். அப்பிடிப்பட்ட நான் செய்த ரவையைப் பற்றித்தான் சனம் கதைக்குது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பியள். இல்லையோ? அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ, ஏனெண்டால் வெளியில கதைக்கிற ஆக்களுக்கு ரவை எண்டால் என்னெண்டே தெரியாது.

ஒரு ரவையில என்ன இருக்கு? பித்தளைக் கோது. கோதுக்குள்ளை வெடிமருந்து. நுனியில சன்னம், பறந்துபோய்த் தைக்கிற ஈயத்துண்டு. அடியில ஒரு பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கும் பாருங்கோ, அதுதான் பிறைமர். விசையை அமத்தினால் ஊசி வந்து அதில குத்தும். அது பத்தும். அந்த நெருப்பு ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால போய் மருந்தைப் பத்தவைக்கும். சன்னம் அதுக்குப் பிறகுதான் போகும். எல்லாரும் சன்னத்தைப் பாப்பினம், மருந்தை நிறுத்து நிறுத்துப் போடுவினம். பிறைமரை ஒருத்தரும் மதிக்கமாட்டினம். ஆனால் எல்லாம் துவங்கிறது அதிலதான்.

அதிலயும் ரெண்டு வகை இருக்கு. ஒண்டு சாதாரணம், மற்றது நெருப்புக் கூடினது. சின்னக் கோதுக்குச் சாதாரணம் காணும். பெரிய மிருகத்துக்குப் பெரிய கோது, கனக்க மருந்து, அதுவும் மெல்ல எரியிற மருந்து. அந்த மருந்தில ஒரு பூச்சுப் பூசியிருக்கும், லேசில பத்தாது. அதுக்குக் கூடின நெருப்பு வேணும். குளிருக்கை இன்னும் வேணும். ரெண்டு பிறைமரும் பாக்க ஒரே அளவு, ஒரே குழிக்குள்ளை ஒரே மாதிரி இறுகும். கையில வைச்சுப் பாத்தால் வித்தியாசம் தெரியாது. விளங்குதோ?

சரி. கேதீஸைப் பற்றிச் சொல்லவேணும். கேதீஸ்வரன். என்ர தங்கச்சி வதனியின்ர மனிசன். பாண் பேக்கரியில வான் ஓடுறவன். பயந்த சுபாவம். துவக்கைக் கையில எடுத்தால் திரும்பத் திரும்ப உள்ளுக்கை ரவை இருக்கோ எண்டு பாப்பான். நான்தான் அவனை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினனான். மற்றவன் மரியதாஸ். என்ர சிநேகிதன். ஊரில ஒரே றோட்டு, இங்கை ஒரே மாடிக்கட்டிடத்தில கன காலம் இருந்தனாங்கள். அவன் ரெஸ்ரோரண்ட் சமையல்காரன். அவன் துவக்கைத் தொடமாட்டான். எங்களோட வந்தால் சமைப்பான், பகிடி விடுவான், பழைய பாட்டெல்லாம் தப்புத்தப்பாப் பாடுவான். அவன் இல்லாத வேட்டை வேட்டையே இல்லை.

மூஸ் தெரியுமெல்லோ? மான் சாதிதான், ஆனால் எருமையைவிட உயரம். அதைச் சுடுறதுக்கு அரசாங்கத்தின்ர சீட்டு வேணும். குலுக்கலில விழவேணும். நான் எத்தினை வருசமாப் போடுறன், விழேல்லை. கேதீஸ் ரெண்டாந்தரம் போட்டான், விழுந்திட்டுது. பாருங்கோ, ஒண்டும் தெரியாதவனுக்கு விழும். எனக்கு அதில ஒரு எரிச்சலும் இல்லை. நான் சந்தோசப்பட்டனான். என்ர பெரிய துவக்கை நானே எடுத்து அவனிட்டைக் குடுத்து, "நீதான் மச்சான் சுடவேணும்" எண்டு சொன்னனான்.

அது கொரோனாக் காலம். கடையில ரவை இல்லை. மருந்து இல்லை. பிறைமர் மருந்துக்கும் இல்லை. சனம் அரிசி வாங்கி அடுக்கின மாதிரி வெள்ளைக்காரன் பிறைமரை வாங்கி அடுக்கிப்போட்டான். என்னட்டைக் கோது இருந்தது, மெல்ல எரியிற மருந்தும் இருந்தது. நெருப்புக் கூடின பிறைமர்தான் முடிஞ்சுபோச்சு. சாதாரணப் பிறைமர் ஒரு பெட்டி மேல் தட்டில கிடந்தது. புத்தகத்தில என்ன போட்டிருக்கு? இந்த மருந்துக்குக் கூடினதைத்தான் பாவி எண்டு போட்டிருக்கு. புத்தகம் எழுதுறவன் தன்ர பாதுகாப்புக்கு எழுதுவான் தம்பி. எனக்குக் கை சொல்லும்.

அந்தச் சாதாரணப் பிறைமரைப் போட்டுச் செய்தனான். ஆவணி மாசம் சுட்டுப் பழகிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பாத்தனாங்கள். சரியான வெயில். என்ன மாதிரி வெடிச்சது தெரியுமோ? மூண்டு வெடி, அட்டையில விழுந்த மூண்டு ஓட்டையும் ஒரு சதக் காசால மூடலாம். பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் வந்து கை தந்திட்டுப் போனவன். கேதீஸ் பாத்துக்கொண்டு நிண்டவன். மரியதாஸும் நிண்டவன். சாட்சி இருக்குதெல்லோ?

வெளிக்கிடுறதுக்கு முதல் கிழமை கேதீஸ் ரெலிபோன் எடுக்கிறான். "மச்சான், ஒரு கடையில அந்த ரவை ரெண்டு பெட்டி வந்திருக்காம். வாங்கட்டோ?" எண்டு கேக்கிறான். எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்கோ. நான் நித்திரை முழிச்சுச் செய்து வைச்சிருக்கிறன், இவன் கடை ரவை வாங்கட்டோ எண்டு கேக்கிறான். நான் சொன்னன், "என்ர ரவையில உனக்கு நம்பிக்கை இல்லையெண்டால் என்ர துவக்கும் உனக்குத் தேவையில்லை" எண்டு. அவன் உடனே, "ஐயோ மச்சான், நான் அப்பிடிச் சொல்லேல்லை" எண்டு மன்னிப்புக் கேட்டவன். கடை ரவை வாங்கேல்லை. அப்பிடித்தான் அவன். ஒருக்கா அதட்டினால் காணும்.

ஒக்ரோபர் கடைசியில போனனாங்கள். வடக்கை ஒரு பகல் முழுக்க ஓட்டம். ஏரிக்கரையில பலகை வீடு ஒண்டு எடுத்திருந்தனாங்கள். அந்த முறை குளிர் முந்தி வந்திட்டுது. விடிய எழும்பி வாளியைப் பாத்தால் தண்ணி கட்டியாக் கிடக்கு. துவக்கையும் ரவையையும் நான் உள்ளுக்கை வைக்கேல்லை. குளிர்ந்த இரும்பைச் சூட்டுக்கை கொண்டுவந்தால் வேர்க்கும், திரும்ப வெளியில கொண்டுபோனால் அந்த வேர்வை உறையும். அதாலை வெளியில வாகனத்துக்குள்ளைதான் வைச்சுப் பூட்டினனான். எல்லாம் யோசிச்சுத்தான் செய்தனான்.

முதல் நாள் கேதீஸ் துவக்கைச் சரிபாக்க ஒரு பெட்டியை மரத்தில கட்டி அதைப் பாத்து ஒருக்காச் சுட்டவன். டிக் எண்டுது, ஒரு கண் வெட்டுற நேரம், பிறகு டூம் எண்டுது. கேதீஸ் என்னைத் திரும்பிப் பாத்தான். மரியதாஸ் இறைச்சி வெட்டிக்கொண்டு நிண்டவன், அங்கை இருந்தே கத்துறான், "பரா, உன்ர ரவை யோசிச்சுப்போட்டுத்தான் போகுது!" எண்டு. நாங்கள் எல்லாரும் சிரிச்சம். நான் சொன்னன், "நீ உன்ர கறியைப் பார், ரவையை நான் பாக்கிறன்." கேதீஸ் மெல்ல வந்து, "மச்சான், அது கொஞ்சம் பிந்தினதெல்லோ?" எண்டான். "குளிருக்கை சத்தம் அப்பிடித்தான் கேக்கும்" எண்டு சொன்னன். குளிருக்கை சத்தம் வேற மாதிரிக் கேக்கும்தானே தம்பி? கேக்காதோ?

அடுத்த நாள் விடியப் போய்ச் சதுப்புக்கரையில இருந்தனாங்கள். கேதீஸ் முன்னுக்கு, ஒரு விழுந்த மரத்தில துவக்கைச் சாத்தி வைச்சுக்கொண்டு. நான் அவனுக்குப் பின்னாலை. மரியதாஸ் வழக்கமா வீட்டிலதான் நிப்பான். அண்டைக்கு, "நானும் ஒருக்கா மூஸைப் பாக்கப்போறன், உரிச்ச பிறகுதானே எப்பவும் பாக்கிறன்" எண்டு வெளிக்கிட்டு வந்திட்டான். எனக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி நிண்டவன். செம்மஞ்சள் ஜக்கெற் போட்டவன். கண் இருக்கிற எவனுக்கும் தெரியும்.

வந்துது தம்பி. ஆண். கொம்பு ரெண்டும் கதவுப் பலகை மாதிரி. ஒரு சுள்ளி முறிஞ்ச சத்தம் கேட்டு நான்தான் முதல் கண்டனான். கேதீஸின்ர தோளைத் தட்டினன். அது தண்ணிக்கரையில பக்கவாட்டில நிண்டது, அப்பிடி ஒரு நிலை ஆயுசில ஒருக்காத்தான் கிடைக்கும். கேதீஸ் மூச்சைப் பிடிச்சு விசையை அமத்தினான்.

டிக்.

அவ்வளவுதான். டிக் எண்டு ஒரு சத்தம். எனக்கு வடிவாக் கேட்டது. மூஸுக்கும் கேட்டிருக்கும், தலையைத் தூக்கினது. கேதீஸ் அசையேல்லை. துவக்கை அப்பிடியே முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு இருந்தான், வகுப்பில சொல்லிக் குடுத்த மாதிரி. வெடிக்காட்டில் கொஞ்ச நேரம் பொறு எண்டு சொல்லுவாங்களெல்லோ? அதையே பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். மூஸ் திரும்பி ஓடப் பாக்குது. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "தா இஞ்சை! தா துவக்கை!" எண்டன். கத்தேல்லை, அமத்தித்தான் சொன்னனான். கையும் நீட்டினன். அவன் திரும்பினான்.

பிறகு வெடிச்சது.

டிக்குக்கும் வெடிக்கும் இடையில மூச்சு ஒண்டு விடுற நேரம்தான் இருக்கும். மரியதாஸ் அப்பிடியே நிலத்தில இருந்திட்டான். விழேல்லை தம்பி, இருந்தவன். களைச்ச மனிசன் இருக்கிற மாதிரி மரத்தோட சாஞ்சு இருந்து, நெஞ்சில கையை வைச்சுப் பாத்தவன். "பரா, ஏனடா?" எண்டு கேட்டவன். பரா எண்டுதான் கேட்டவன், கேதீஸ் எண்டு கேக்கேல்லை. ஏனெண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. சுட்டது கேதீஸ்தானே.

அங்கை ரெலிபோனும் வேலை செய்யாது. கேதீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினவன், அந்த மெலிஞ்ச பெடியன், அந்தப் பெரிய உடம்பை. வாகனத்துக்குக் கிட்ட வர முதலே முடிஞ்சுபோச்சு. கேதீஸ் இறக்கி வைக்கமாட்டன் எண்டு நிண்டவன். நான்தான் பறிச்சு இறக்கினது. எல்லா அலுவலும் நான்தான் பாத்தனான். பொலிசோட கதைச்சது நான். மரியதாஸின்ர மனிசி றீற்றாவுக்குச் சொன்னது நான். சவப்பெட்டி தூக்கினது நான். றீற்றா என்ர கையைப் பிடிச்சு, "அண்ணை, நீங்கள் இருந்தபடியால்தான் அவர் தனிய சாகேல்லை" எண்டு அழுதவ. அந்தப் பிள்ளைக்கு விளங்கின அளவுக்கு என்ர சொந்தத் தங்கச்சிக்கு விளங்கேல்லை.

குடியுங்கோ, ஆறுது.

பொலிஸ் கேதீஸில வழக்குப் போட்டிட்டுது. கவனயீனத்தால ஒரு உயிர் போனது எண்டு. மிச்ச ரவையெல்லாத்தையும் கொண்டுபோய் ஆய்வுகூடத்தில சுட்டுப் பாத்தவங்கள். எல்லாம் ஒழுங்கா வெடிச்சுதாம். வெடிக்காமல் என்ன? சூடான அறைக்குள்ளை வைச்சுச் சுட்டால் வெடிக்கும்தானே. பொலிஸ்காரன் என்னட்டைக் கேட்டவன், "நீ இந்த ரவைகளை எப்பவும் செய்யிற மாதிரித்தான் செய்தனியோ?" எண்டு. "ஓம்" எண்டன். எப்பவும் செய்யிற மாதிரித்தானே செய்தனான். அதே பிரஸ், அதே கை. என்ன பிறைமர் எண்டு அவன் கேக்கேல்லை. கேக்காததை நான் ஏன் சொல்லவேணும்?

பேந்து கேதீஸின்ர லோயர் வந்தவர். வெள்ளைக்காரன், நல்ல மனிசன். இந்தக் கராஜிலதான், நீங்கள் இருக்கிற ஸ்ரூலிலதான் இருந்தவர். வதனியும் வந்தவள். அவர் சொல்லுறார், "உங்கட மச்சான் விசையை அமத்தினது மிருகத்தைப் பாத்து. அது அப்ப வெடிக்கேல்லை, பிந்தி வெடிச்சது எண்டு அவர் சொல்லுறார். முதல் நாளும் பிந்தினதாம். ஆனால் அவர் சொன்னால் நம்பமாட்டினம். இன்னொரு ஆள் அந்த டிக் சத்தத்தைக் கேட்டது எண்டு சொன்னால் அவர் மறியலுக்குப் போய்க் கம்பிக்குள்ளை இருக்கத் தேவையிருக்காது. அந்த ஆள் நீங்கள் ஒருத்தர்தான்" எண்டு.

வதனி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டவள்.

நான் சொன்னன், "பாப்பம்" எண்டு.

நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ தம்பி. டிக் எண்டு கேட்டது எண்டு நான் சொன்னால் என்ன எழுதுவாங்கள்? ரவை பிழை எண்டு எழுதுவாங்கள். செய்தது ஆர்? பரராசசிங்கம். வேலையிடத்தில தெரியவரும், கோயிலில தெரியவரும். றீற்றா என்ர கையைப் பிடிச்சு அழுதவளெல்லோ, அவளுக்கும் தெரியவரும். எல்லாம் எதுக்கு? இல்லாத பிழைக்கு. பிழையான ரவை எண்டால் வெடிக்காது. என்ர ரவை வெடிச்சது. வெடிச்ச ரவையை எப்பிடிப் பிழை எண்டு சொல்லுறது?

கோட்டில சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டவங்கள். கேதீஸ் துவக்கோட திரும்பினவனோ எண்டு கேட்டாங்கள். ஓம், திரும்பினவன் எண்டன். அது உண்மை. துவக்கு மரியதாஸ் பக்கம் பாத்ததோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டன். அதுவும் உண்மை. லோயர் எழும்பி, "அவர் ஏன் திரும்பினவர்? நீங்கள் ஏதாவது சொன்னனீங்களோ?" எண்டு கேட்டார். அந்த நேரத்தில ஆர் என்ன சொன்னது எண்டு ஞாபகம் இல்லை எண்டன். பிறகுதான் கேட்டார், வெடிக்கிறதுக்கு முதல் ஏதாவது சத்தம் கேட்டதோ எண்டு. நான் சொன்னன், "நான் மெசினுக்குப் பக்கத்தில ஆயுள் முழுக்க நிண்டவன், எனக்குக் காது சரியாக் கேக்காது." அதுக்கு டொக்ரரின்ர கடிதம் இருக்கு தம்பி. வலக்காது உண்மையாவே கொஞ்சம் மந்தம்தான்.

கேதீஸ் அங்கை கூண்டில இருந்து என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவன். கோவமாப் பாக்கேல்லை. துவக்கைச் சரிபாக்கேக்கை திரும்பிப் பாத்தானெல்லோ, அப்பிடித்தான் பாத்தவன். நான் ஏதோ சொல்லப்போறன், அதைக் கேப்பம் எண்ட மாதிரி.

கேதீஸை ரெண்டு வருசத்துக்குக் கிட்ட மறியலில போட்டிட்டாங்கள். நீதவான் சொன்னவர், வெடி பிந்தினது எண்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்லை எண்டு. பாத்தியளோ? நீதவானே சொல்லிட்டார். நான் சொல்லேல்லை. படிச்ச மனிசன், எல்லாத்தையும் விசாரிச்சு, ரவையில பிழை இல்லை எண்டு சொல்லிட்டார். அதுக்குப் பிறகும் சனம் கதைக்குது.

வதனி அண்டைக்குப் பின்னேரம் இங்கை வந்தவள். உள்ளுக்கை வரேல்லை. அந்தா, அந்தக் கதவுக்கு வெளியில, பனி கொட்டுது, தலையில ஒண்டும் போடாமல் நிண்டவள். "அண்ணா, எனக்கு மட்டும் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உனக்கு அந்தச் சத்தம் கேட்டதோ இல்லையோ?" எண்டு கேட்டவள்.

"பிள்ளை, உள்ளுக்கை வா, குளிருது" எண்டன்.

அவள் வரேல்லை. தலைமயிரெல்லாம் வெள்ளையாப் போச்சு பனியில. பிறகு சொன்னாள், "உன்னைக் காப்பாத்தத்தான் அவர் ஒரு சொல்லும் சொல்லேல்லை அண்ணா. நீ துவக்கைக் கேட்டபடியால்தான் திரும்பினது எண்டு லோயருக்குக்கூடச் சொல்லேல்லை. அது நடந்த அண்டைக்கு ராத்திரி எனக்கு மட்டும்தான் சொன்னவர். சொன்னால் நீ தாங்கமாட்டாய் எண்டவர்." சொல்லிப்போட்டுப் போயிட்டாள். அதுக்குப் பிறகு கதையில்லை. நம்பரையும் மாத்திப்போட்டாள். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுபோய்க் குடுக்க மனிசி போனவ, கதவு திறக்கேல்லையாம். கூடப்பிறந்தவளுக்குக் கலியாணம் கட்டிக் குடுத்து, இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு விட்டது ஆர்? நான். அதெல்லாம் ஒரு டிக்கோட போச்சு.

எனக்கு ஒருத்தரிலயும் கோவம் இல்லை. கேதீஸிலயும் இல்லை. பயந்தவன்ர கையில துவக்கைக் குடுத்தால் அப்பிடித்தான் நடக்கும். மறியலில போய்ப் பாக்க ரெண்டு தரம் எழுதிக் கேட்டனான், அவன் வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டவன். வெக்கமாக்கும். நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை.

பங்குனியில விடுறாங்களாம், றீற்றாதான் எங்கையோ கேட்டுச் சொன்னவ. விடுற அண்டைக்கு வாசலில காரோட நான்தான் போய் நிக்கப்போறன். வெளியில வாறவனுக்குக் குளிருக்குப் போட ஒரு நல்ல ஜக்கெற்றும் வாங்கி வைச்சிருக்கிறன். அவனுக்கு என்னை விட்டால் வேற ஆர் இருக்கினம், சொல்லுங்கோ?